அரூர் வட்டாரப் பழைய மடிக்கணினிகளில் சினாப்டிக்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் அரூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. நினைவகம் குறைந்த அந்தக் கணினிகளில் டெபியன் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, மாணவர்களுக்கும் தட்டச்சு வேலை செய்வோருக்கும் பராமரித்துத் தருவது சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. மென்பொருள் நிறுவ எனக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையமே போதும். ஆனால் கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர், தமக்குத் தேவையானதைத் தாமே தேடிச் சேர்க்கவும் வேண்டாததை நீக்கவும் முடிந்தால்தான் அந்தக் கணினி உண்மையில் அவருடையதாகும் என்பதால், சாளர வடிவிலான ஒரு பொதி மேலாளரை, அதாவது மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவியைத் தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் சினாப்டிக்.

ஆனால் முதலில் வைத்துப் பார்த்தது, க்னோம் பணிச்சூழலுடன் வரும் க்னோம் சாஃப்ட்வேர். படங்களும் விளக்கங்களும் அழகாக இருக்கும்; விளையாட்டு, ஓவியம் போன்றவற்றைத் தேடுவோருக்கு அது நன்றாகவே உதவுகிறது. எனினும், ஆப்ஸ்ட்ரீம் என்னும் விவரக்குறிப்பு உள்ளவற்றை மட்டுமே அது காட்டும். அச்சடித்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்ற உதவும் ஜிஇமேஜ்ரீடர் அதில் கிடைக்கும். அந்த வேலைக்கு இன்றியமையாத, எழுத்துணரி நிரலான டெசராக்டின் தமிழ்த் தரவுப் பொதி கிடைக்காது. இங்குள்ளவர்கள் கேட்பதில் பாதி இத்தகைய பொதிகள்தான். கேடிஇ என்னும் மற்றொரு பணிச்சூழலின் டிஸ்கவரும் ஏறக்குறைய இதே போக்கில் அமைந்தது.

சினாப்டிக் அப்படியன்று. டெபியனில் பொதிகளை நிர்வகிக்கும் அடிப்படைக் கருவியான ஆப்ட் அறிந்த அத்தனை பொதிகளும், பிற நிரல்கள் சார்ந்திருக்கும் நூலகங்கள் உட்பட, அதன் பட்டியலில் வரும். பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தில் 2001ஆம் ஆண்டுவாக்கில் ஆல்ஃப்ரெடோ கோஜிமா உருவாக்கத் தொடங்கிய இக்கருவி, உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸின் 11.10 பதிப்பில் இயல்பு நிறுவலிலிருந்து விலக்கப்பட்டாலும், பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தில் தொடர்ந்து கிடைக்கிறது. தோற்றம் பழையது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பொதியைக் குறித்தவுடன் அதனுடன் எவையெல்லாம் நிறுவப்படும், எவை நீக்கப்படும், எவ்வளவு பதிவிறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பனவற்றை, எதையும் தொடுவதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. கைபேசியின் தினசரி டேட்டாவைப் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டில் இந்த ஒரு தகவலே பெரிய உதவி. நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை வரிவிடாமல் படித்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். சிறிய பொதி ஒன்றை நீக்கப் போய், அதைச் சார்ந்த பெரிய மென்பொருளையும் இழக்கும் நிலை அதனால் தவிர்க்கப்படுகிறது.

எனக்கு இக்கருவியின் மீது உண்மையான மதிப்பு பிறந்தது சித்தேரி மலைப்பகுதிக்கான கணினிகளைப் பராமரிக்கத் தொடங்கிய பிறகுதான். அங்கே இணையம் சீராகக் கிடைக்காத வீடுகள் உண்டு. அத்தகைய கணினியில் வேண்டிய பொதிகளைக் குறித்துவிட்டு, கோப்பு மெனுவில் பதிவிறக்கக் குறுநிரலை உருவாக்கும்படி சொன்னால், அவை இயங்கத் தேவையான சார்புப் பொதிகளில் அந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றைக் கழித்து, இல்லாதவற்றின் முகவரிகளை மட்டும் கொண்ட சிறு கோப்பு ஒன்றை அது எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் எடுத்து வந்து, இணையமுள்ள வேறொரு லினக்ஸ் கணினியில் இயக்கினால் பொதிகள் அனைத்தும் இறங்கிவிடும். பிறகு அவற்றைத் திரும்பக் கொண்டுபோய், அதே மெனுவில் பதிவிறக்கிய பொதிகளைச் சேர்க்கும் வசதியின் மூலம் நிறுவலாம். ஒரு நிபந்தனை உண்டு: மலையிலுள்ள கணினியின் பொதிப் பட்டியல் மிகப் பழையதாக இருந்தால், களஞ்சியத்தில் பதிப்பு மாறிப்போய், குறுநிரல் தேடும் கோப்பு அந்த முகவரியில் இருக்காது. டெபியனின் நிலையான வெளியீட்டில் பதிப்புகள் அடிக்கடி மாறாததால் இச்சிக்கல் குறைவு; இக்கணினிகளுக்கு அந்த வெளியீட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுது பார்க்க வரும் கணினியில் நான் முதலில் திறப்பது சினாப்டிக்கின் வரலாற்றுப் பகுதி. எந்த நாளில் எது சேர்ந்தது, எது போனது என்று தேதிவாரியாக அங்கே இருக்கும். சினாப்டிக் வழியாகச் செய்தவை மட்டுமே அதில் பதிவாகும். முனையத்தில் ஆப்ட் கொண்டு செய்தவற்றுக்கு ஆப்டின் பதிவுக்கோப்பைத்தான் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட பொதியை அதே பதிப்பில் பூட்டி வைக்கும் வசதியையும், பழைய அச்சுப்பொறியை நம்பியிருக்கும் தட்டச்சகங்களுக்காக நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்.

குறைகளும் உண்டு. ஆப்ட் வழியாக வராத ஃபிளாட்பேக், ஸ்னாப் வகை மென்பொருள்களை இது கையாளாது. மென்பொருளின் பெயரே தெரியாமல் தேடும் புதியவருக்கு நீண்ட பொதிப் பட்டியல் மலைப்பைத் தரும். மொத்த நிரலும் நிர்வாகி உரிமையுடன் இயங்குவதால், திரைக்காட்சியைக் கையாளும் வேலண்டு என்னும் புதிய முறை இயல்பாக வந்த டெபியன் 10இன் க்னோமில் இது திறக்காமல் போனதும் நடந்தது; பின்வந்த வெளியீடுகளில் அது சரியானது. நினைவகம் போதுமான கணினியாக இருந்தால் க்னோம் சாஃப்ட்வேரையும் உடன் விட்டுவைக்கிறேன். 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ளவற்றில், பின்னணியில் இயங்கிக்கொண்டே இருக்கும் அதை நீக்கிவிட்டுச் சினாப்டிக்கை மட்டும் வைத்துத் தருகிறேன்.