தப்பு நோட்டு: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

ஏழு வருடமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். நான் ஆங்கிலத்தில் எழுதி யாராவது திருத்திய ஒவ்வொரு வரியும் அதில் இருக்கிறது. இடது பக்கம் நான் எழுதியது, வலது பக்கம் திருத்தம், கீழே தேதி. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. இடையில் ஆப், பயிற்சிப் புத்தகம் என்று நிறைய முயன்று பார்த்தேன், எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. இது மட்டும் கூடவே வருவதால் இதைப் பற்றியும், இதோடு சேர்த்து நான் பயன்படுத்துகிற மற்ற சிலவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு மெயில். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துத் தருவோம் என்று சொல்ல நினைத்து, 'வீ வில் வொர்க் ஆன் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டேன். அப்படியானால் சனிக்கிழமையிலிருந்து இதை யார் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. கேட்டதில் தவறே இல்லை. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள், 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை. தமிழில் 'உள்', 'வரை' இரண்டையும் நான் ஒருநாளும் மாற்றிப் பேசியதில்லை, அப்படியிருக்க ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறேன் என்று அன்று இரவு முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் நோட்டு வாங்கினேன்.

முதல் வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வெறும் குவியல். இரண்டாவது வருடம் எல்லாவற்றையும் மறுபடி படித்தபோதுதான் என் தப்புகளில் ஓர் ஒழுங்கு இருப்பது கண்ணில் பட்டது. ஒரு கூட்டம், தமிழில் ஒரே சொல்லாக இருந்து ஆங்கிலத்தில் பிரிபவை. நம்முடைய 'கேள்' ஒன்றே ஹியர், லிசன், ஆஸ்க் மூன்றுக்கும் போதும். ஒலி தானாகக் காதில் விழுந்தால் ஹியர், கவனம் வைத்துக் கேட்டால் லிசன், அதுவும் 'டு' இல்லாமல் நிற்காது. 'படி' என்பது ரீடும் ஆகும், ஸ்டடியும் ஆகும். 'சொல்' வந்தால் சே, டெல் என்று இரண்டு பாதை; டெல்லுக்குப் பின்னால் ஆளை நேராகப் போடலாம், 'ஹி டோல்ட் மீ', ஆனால் சே வந்தால் 'டு' வேண்டும். 'ஹி செட் மீ' என்று நான் எழுதியது முதல் நோட்டில் பதினொரு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் ஒலியால் வருவது. 'தொலைத்துவிடு' என்ற பொருளில் வரும் லூஸும், 'தளர்வான' என்ற லூஸும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன பாருங்கள். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஓ ஒன்று, கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். இரண்டாவதற்கு ஓ இரண்டு, ஒலி வெறும் காற்று. அட்வைஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் இதே கதைதான், பெயருக்கு சி, வினைக்கு எஸ். அந்த அதிரும் ஒலி நம் மொழியில் இல்லாததால் காது உதவாது, கண்ணால்தான் பழக வேண்டும்.

மீதி எல்லாம் பிரிபொசிஷன், அதாவது இன், ஆன், டு, ஃபார் போன்ற சொற்கள். பாதிக்கு மேல் அதுதான். இங்கேதான் நோட்டு எனக்கு உண்மையிலேயே ஒன்றைக் கற்றுக்கொடுத்தது, எந்தப் புத்தகத்திலும் இதை இப்படிச் சேர்த்து நான் பார்க்கவில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு என்று எல்லாரும் சொல்வார்கள், சரி, மனப்பாடம் செய்தேன். அப்புறம் 'எம்ஃபசைஸ் ஆன்' தப்பு. 'ரிக்வெஸ்ட் ஃபார்' என்பதை வினையாக எழுதினால் தப்பு. 'என்டர்' வினையாக வந்து ஓர் அறைக்குள் நுழைவதைச் சொன்னால் 'இன்டு' வேண்டாம். 'லேக்' வினையானால் 'ஆஃப்' வேண்டாம், 'விசிட்'டுக்கு 'டு' வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால், தப்புக்கான காரணம் அங்கேயே இருக்கிறது: இவற்றின் பெயர்ச்சொல் வடிவம் எல்லாமே பிரிபொசிஷனோடு வருகிறது! டிஸ்கஷன் அபௌட், எம்ஃபசிஸ் ஆன், எ ரிக்வெஸ்ட் ஃபார், என்ட்ரி இன்டு, எ லேக் ஆஃப், எ விசிட் டு. பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகியதை நான் வினைச்சொல்லுக்கும் ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். இது புரிந்த பிறகு இந்த வகைத் தப்பு சட்டென்று குறைந்தது, தேதிகளைப் பார்த்தாலே தெரிகிறது.

'இல்' என்ற வேற்றுமை உருபுதான் அடுத்த சிக்கல். வருடத்தில், திங்கட்கிழமையில், இரவில் என்று பலவற்றுக்கும் நாம் அதை வைத்துச் சமாளிக்கலாம். ஆங்கிலத்தில் வருடம், மாதத்துக்கு இன், நாளுக்கு ஆன், மணிக்கு அட். இந்த விதி நல்ல விதிதான், ஆனால் 'இன் த மார்னிங்' என்பது நாளின் பெயர் சேர்ந்ததும் 'ஆன் மண்டே மார்னிங்' ஆகிவிடும், இரவு மட்டும் 'அட் நைட்'. காருக்கு இன், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆன். எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் ஆகியவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டுப் பொருளோடே வந்தவை, அதனால் இவற்றுக்குப் பின்னால் 'தன்' வராது, 'டு' தான்.

கூடவே பயன்படுத்துவதில் முதலிடம், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட அகராதிக்கு. ஜப்பானில் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் சகாக்களோடு உருவாக்கிய அகராதி அங்கே 1942-இல் வெளியாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாகவும் வந்தது. அந்த வழியில் வந்த அகராதிகளில் ஒரு சொல்லின் பொருளோடு அது எந்தப் பிரிபொசிஷனை எடுக்கும் என்பதும் கூடவே இருக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் பொருள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. கூகுள் என்கிராம் வியூவரையும் பயன்படுத்துகிறேன். அச்சான நூல்களில் ஒரு தொடர் எவ்வளவு வந்திருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும், பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். 'டிஃபரன்ட் ஃப்ரம்', 'டிஃபரன்ட் தன்' போன்ற சண்டைகளுக்கு அது நல்ல சாட்சி. கவனம் வேண்டும், 'டிஸ்கஸ் அபௌட் டென் டாபிக்ஸ்' என்று சுமார் என்ற பொருளில் வரும் அபௌட்டையும் அது சேர்த்தே எண்ணும்.

தானாகத் திருத்தும் மென்பொருளை நான் அரைகுறையாகத்தான் நம்புகிறேன். டிஸ்கஸ் அபௌட்டைப் பிடிக்கும், ஆனால் என் முதல் தப்பான அந்த 'அன்டில்' வாக்கியத்தில் இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை, அதை எப்படிப் பிடிக்கும்?

நோட்டுக்கும் குறை உண்டு. யாரும் திருத்தாத தப்பு அதில் ஏறாது, பெரும்பாலானவர்கள் பொருள் புரிந்தால் திருத்தவும் மாட்டார்கள். இன்னொன்று, எழுதி வைத்த விதியை நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன். அஃபெக்ட் வினை, எஃபெக்ட் பெயர் என்று பெரிதாக எழுதியிருந்தேன், அதை வைத்து இன்னொருவர் எழுதிய 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்பதைத் தப்பென்று மாற்றிவிட்டேன். மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற பொருளில் எஃபெக்ட் வினையாகவும் வரும், அவர் எழுதியதுதான் சரி. மன்னிப்புக் கேட்டேன். இருவருக்கு பிட்வீன், பலருக்கு அமாங் என்ற விதியையும் இப்படித்தான் பிறகு அடித்துத் திருத்தினேன், நான்கு நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும் பிட்வீன் சரியே.

டிஸ்கஸ் அபௌட் கடைசியாகப் பதிவானது நான்கு வருடத்துக்கு முன்பு. 'அரைவ் டு' மட்டும் போன மாதமும் வந்திருக்கிறது, 'ஊருக்கு வந்து சேர்ந்தேன்' என்கிற அந்தக் 'கு' விடமாட்டேன் என்கிறது. நகரம், நாடு என்றால் அரைவ் இன், நிலையம், கட்டடம் என்றால் அரைவ் அட் என்று மூன்றாவது நோட்டின் அட்டைக்கு உள்பக்கத்திலேயே இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.