மலைக்கு வரும் 'தீம்' அலங்காரக்காரர்கள்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவையிலிருந்து நீலகிரிக்கு வந்து வீட்டு விருந்துகளுக்குத் 'தீம்' அலங்காரம் செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு குழு, சென்ற டிசம்பரில் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பணம் போனது, ஒரு மாலைப் பொழுதும் போனது. குழுவின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இவர்களுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு இரவு போதும். அவர்கள் வேலை செய்யும் விதம் மட்டும் மாறாது என்பதால் அதைத்தான் சொல்கிறேன். குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் என்று எங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். 24ஆம் தேதி இரவு ஆலய ஆராதனை என்பதால் விருந்தை 23ஆம் தேதி மாலையே வைத்துவிடுவோம். கணப்பில் விறகு எரியும். எல்லோரும் கம்பளிக்குள் புதைந்துகொண்டு 1990இல் வெளிவந்த 'ஹோம் அலோன்' பார்ப்போம். வசனங்கள் மனப்பாடமாகிவிட்ட பிறகும் பார்ப்போம். இந்த முறை வீட்டையே அந்தப் படத்து வீடு போல மாற்றினால் என்ன என்று பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

படம் பார்க்காதவர்களுக்காக: ஒரு பெரிய குடும்பம் பாரிஸுக்குப் புறப்படும் அவசரத்தில் எட்டு வயதுக் கெவினைச் சிகாகோ அருகே உள்ள வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கொள்ளையடிக்க வரும் இரண்டு திருடர்களை அவன் வீட்டில் கிடைத்த சாமான்களை வைத்தே படாத பாடு படுத்துகிறான். மாடிப்படியிலிருந்து கயிற்றில் வீசும் பெயின்ட் டப்பாக்கள், ஜன்னலுக்குக் கீழே பரப்பி வைத்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகள், தரையில் பொம்மைக் கார்கள், கிரேயானில் வரைந்த போர்த்திட்டம். வீட்டில் ஆள் நடமாட்டம் இருப்பதாகக் காட்ட பொம்மை ரயிலில் ஓர் அட்டை மனிதனைச் சுற்ற விடுவான். அது கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் உருவம். ஊன்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சுவர்த்தாள் முதல் சமையலறை வரை அந்த வீட்டின் உட்புறத்தில் சிவப்பும் பச்சையும்தான் மாறி மாறி வரும். நீலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் நான் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "எல்லாம் செய்துவிடலாம் மேடம், இந்தப் படத்துக்கு நிறைய செய்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. கூடவே தாங்கள் செய்த வேலை என்று அழகழகான புகைப்படங்கள். விலைப்பட்டியல் என்று வந்ததோ ஒரே வரி: ஹோம் அலோன் தீம், முழு வீடு, முப்பது பேருக்கு உணவுடன், 28,000 ரூபாய். முன்பணம் 15,000.

அந்தப் படங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆறுதலாக உட்கார்ந்து பார்த்தபோது என் தம்பி மகன்தான் கண்டுபிடித்தான். ஒரு படத்தின் ஓரத்தில், அலங்கார விளக்கின் ஒயர் போய்ச் சேரும் இடத்தில், சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தது. நம் வீடுகளில் இருக்கும் வட்டத் துளைகள் இல்லை. செங்குத்தாக இரண்டு கீறல்கள், கீழே ஒரு சிறு துளை. அமெரிக்க வீட்டுச் சுவர். கோவைக் குழு அங்கே போய்த் தோரணம் கட்டியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. உங்களுக்கு யாராவது தங்கள் வேலை என்று படம் அனுப்பினால் நடுவில் இருக்கும் அலங்காரத்தை விடுங்கள், ஓரங்களைப் பாருங்கள். சுவிட்சு, மின்விசிறி, ஜன்னல் கம்பி ஆகியவை பொய் சொல்வதில்லை. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடினாலும் எங்கிருந்து எடுத்தது என்று பல நேரம் தெரிந்துவிடும்.

23ஆம் தேதி காலை பத்து மணிக்கு வர வேண்டிய வேன் மூன்று மணிக்கு வந்தது. கதவைத் திறந்ததும் ஒரு பலூன் உருண்டு விழுந்து, கல்லில் பட்டு வெடித்தது. உள்ளே பார்த்தால் பாதி பலூன்கள் கந்தலாகக் கிடந்தன. மேலே வந்து ஊதினால் ஆள் கூலி அதிகம் என்று மேட்டுப்பாளையத்திலேயே ஊதி, வளைவாகக் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பலூனுக்குள் இருக்கும் காற்று விரியும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டும்போது உப்பி நிற்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலையில் நிறைய நிகழ்ச்சிகள் செய்ததாகச் சொன்னவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தப்பிப் பிழைத்த பலூன்கள் நீலமும் வெள்ளையும். அவற்றோடு எட்டடி அகலத்தில் ஒரு பேனர். விரித்தார்கள். 'ஃப்ரோசன்' படத்து எல்சா, நீல உடையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கேரட் மூக்குப் பனிமனிதன் ஓலாஃப். அண்ணனின் சின்ன மகள் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தை, நம் படத்தில் இவள் எங்கே வருகிறாள்?" என்று கேட்டாள்.

வந்திருந்த மூன்று பையன்களில் பெரியவனிடம், "தம்பி, இது எந்தப் படம் என்று தெரிகிறதா?" என்றேன். "கிறிஸ்துமஸ் படம்தானே மேடம், பனி இருக்கிறதே" என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்து, வர்க்கியும் டீயும் கொடுத்தோம். அவர்களின் முதலாளிக்குத் தொலைபேசினால், "தீம் என்றால் ஒரு ஃபீல்தான் மேடம்" என்றார். பிறகு அழைப்பை எடுக்கவில்லை. எல்சா ஏதோ பிறந்தநாள் விழாவுக்குச் செய்தது. பேனரின் கீழ் மூலையில் ஒரு குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

இதுவரை நடந்தது எரிச்சல், அடுத்தது ஆபத்து. பையன்களில் ஒருவன் கணப்பின் மேல் விளிம்பில் 'பனி' தூவுவதற்காக ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். உள்ளே விறகு எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் இரண்டே எட்டில் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், எளிதில் தீப்பற்றும் என்ற தீச்சுடர்க் குறி. இந்த ஸ்ப்ரேக்களில் பனி நுரையைத் தள்ள பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வாயுக்களையே பயன்படுத்துகிறார்கள். சமையல் எரிவாயுவில் இருப்பவையும் அவைதான். கணப்பும் மெழுகுவர்த்தியும் இருக்கும் மலை வீட்டுக்குள் அதை விடவே கூடாது. யார் அலங்காரம் செய்தாலும் இந்த ஒன்றை முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெவின் தனக்கென்று ஒரு முழுச் சீஸ் பீட்சா வரவழைத்துச் சாப்பிடுவான். அதனால் எங்களுக்கும் சீஸ் பீட்சா. மலைப்பாதையில் வேனுக்குள்ளேயே இருந்து ஆறி, சீஸ் ரப்பர் செருப்பாகிவிட்டது. பெட்டியில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. பிள்ளைகளைத் தொட விடவில்லை. என் தம்பி மனைவி அரை மணி நேரத்தில் தோசைக்கல்லில் முட்டைத் தோசை ஊற்ற ஆரம்பித்தாள். கேக் நல்லவேளையாக நாங்கள் வீட்டில் செய்தது.

எல்சாவைச் சுருட்டி வாசலில் வைத்தோம். பிள்ளைகள் பின்கட்டிலிருந்து காலிப் பெயின்ட் டப்பாக்களைக் கொண்டுவந்து கழுவி, மாடிப்படிக் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கிரேயானால் போர்த்திட்டம் தயாரானது; சமையலறைக்கு நேராக 'அத்தை எல்லை' என்று எழுதியிருந்தார்கள். அட்டைப்பெட்டியை வெட்டி ஜோர்டனுக்குப் பதிலாக என் அண்ணனின் உருவத்தை, தொப்பையோடு, வரைந்து நிறுத்தினார்கள். சிவப்புக் கம்பளியும் பச்சைப் போர்வையும் வீட்டிலேயே இருந்தன. அந்தப் படத்து வீட்டில் அலங்காரம் என்று வாங்க வேண்டியது அதிகம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கு அது உறைத்திருந்தால் 28,000 கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலை பில் வந்தது. 28,000க்கு மேல் மலைப்பகுதிப் போக்குவரத்து 4,500, இ-பாஸ் கட்டணம் 1,500, பலூன் சேதம் 2,000, சோதனைச் சாவடி அபராதம் 2,000, அதற்கெல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 44,840. தாங்களே வெடிக்க வைத்த பலூனுக்கு எங்களிடம் நஷ்டஈடு!

இ-பாஸ் கதையைக் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். ஆனால் அது இலவசம். இணையத்தில் விவரங்களைப் பதிவு செய்தால் கிடைத்துவிடும். அதற்குக் 'கட்டணம்' என்று யார் பில் போட்டாலும் உங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அபராதமும் அப்படித்தான். வேனில் பிளாஸ்டிக் தம்ளர்களும் தெர்மோகோல் தட்டுகளும் இருந்தன. சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்திலிருந்தே நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி உண்டு. தமிழகம் முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1இல் வந்தது. சட்டத்தை மீறியது அவர்கள், தண்டம் நாங்கள் கட்ட வேண்டுமாம்.

ஜிஎஸ்டி வரிக்கு நேராகப் பதிவு எண்ணே இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. எண் இருந்தால் 15 எழுத்து-எண்களாக இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடைய எண் என்று நொடியில் தெரிந்துவிடும். நான் எண்ணைக் கேட்டதும், "வரியை விட்டுவிடுகிறேன் மேடம், மீதியை அனுப்புங்கள்" என்று இறங்கி வந்தார்.

மீதியை அனுப்பவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன், ஆனால் உடனே சரி என்றார். பாதியைத் தருவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் ரகசிய 'பின்' (PIN) எண்ணைப் போட்டால் 7,500 ரூபாய் என் கணக்கில் வந்து விழும் என்றார். பக்கத்தில் இருந்த அண்ணன் மகன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. அதைச் செய்தால் பணம் போகும், வராது. அப்படி யாருக்காவது போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

சேவைக் குறைபாட்டுக்கு வேறு வழி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதிவு செய்தேன். பதில் வராததால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு கோவையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. என்னிடம் இருக்கும் ஆதாரங்களில் எடை கூடியது அந்த நீண்ட வாட்ஸ்அப் செய்தியும் அதன் கீழே அவர் எழுதிய 'எல்லாம் செய்துவிடலாம்' என்ற பதிலும்தான். நீங்களும் என்ன பொருள், எத்தனை, எந்த நிறம், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே ஒப்புதல் வாங்குங்கள். ஒற்றை வரி விலைப்பட்டியலை ஏற்கவே வேண்டாம். உள்ளூரில் தோரணம் கட்டுபவர்கள் இதைவிட மலிவாகவும் பொறுப்பாகவும் செய்கிறார்கள். பலூனை இங்கே வந்துதான் ஊதுவார்கள்.

இன்னொரு விஷயம். பில்லோடு பலூன் கட்டிய சட்டகத்தை எடுத்துப் போக வந்த ஆள், எங்கள் மாடிப்படியைப் போனில் படம் எடுத்ததைக் கண்டேன். ஆசையாக எடுக்கிறான் என்று விட்டுவிட்டோம். பொங்கலுக்குப் பிறகு அந்தக் குழுவின் பக்கத்தில் புதிய பெயரும் புதிய படமும் வந்திருக்கின்றன: மரப்படிக்கட்டு, கயிற்றில் இரண்டு பெயின்ட் டப்பாக்கள், பக்கத்துச் சுவரில் காலண்டர் தாளில் கிரேயான் வரைபடம். 'எங்கள் நீலகிரி வேலை' என்று தலைப்பு. படத்தைப் பெரிதாக்கினால் 'அத்தை எல்லை' என்ற எழுத்து தெரியும். அதைக் காட்டி யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.