விஸ்காயா பாலம்: தினமும் போய்வருகிறவன் சொல்வது

ஸ்பெயினில் பில்பாவோ நகருக்கு அருகே, ஆற்றங்கரையில் இருக்கிற போர்த்துகலேத்தேயில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், வேலை எதிர்க்கரையில் லாஸ் அரேனாஸில், விஸ்காயா பாலத்தை நம்பி எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். வருடக்கணக்காக அதில் போய்வருகிறவன் என்பதால் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

முதல் எரிச்சல், ஆட்களையும் கார்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற கோண்டோலா ஒன்றே ஒன்றுதான். மேலே 45 மீட்டர் உயரத்தில் தண்டவாளம், அதில் ஓடும் வண்டி, அதிலிருந்து கம்பிவடங்களில் தொங்கும் மேடையான இந்தக் கோண்டோலா, இவ்வளவுதான் பாலம். நாம் ஓடிவந்து சேரும்போது கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியிருக்கும். ஆற்றைக் கடக்க ஒன்றரை நிமிடம்தான், ஆனால் அது அக்கரை போய், கார்களை இறக்கி, வேறு கார்களை ஏற்றித் திரும்பும்வரை நிற்க வேண்டும். ஆறு கார் ஏறினால் நிறைந்துவிடும், ஏழாவது காரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம், மழையில் நிற்கிறவனுக்கு அதனால் என்ன?

ஆனால் அண்ணாந்து பார்த்தால் பாதிக் கோபம் போய்விடுகிறது. பில்பாவோவுக்குக் கப்பல்கள் போகிற ஆறு இது, பாய்மரம் தட்டாமல் பாலம் கட்ட வேண்டும். உயரமாகக் கட்டினால் லாஸ் அரேனாஸ் பக்கம் தாழ்ந்த மணல்கரை, ஏறுபாதையை எங்கிருந்து இழுத்து வருவது? அல்பெர்த்தோ தெ பலாசியோ என்ற கட்டடக் கலைஞர், சாலையின் ஒரு துண்டை மட்டும் தொங்கவிட்டு 160 மீட்டர் நகர்த்திக் காட்டினார், 1893-இல், உலகத்திலேயே முதல் முறையாக. கம்பிவட வேலையில் கைதேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஃபெர்டினான் அர்னோடன் கூட இருந்தார். 1937-இல் உள்நாட்டுப் போரில் மேல் உத்தரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள், 1941-இல் திரும்ப ஓட ஆரம்பித்தது. இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவில் 1911-இல் வந்த இதே மாதிரிப் பாலத்தை 2019-இல் பாதுகாப்புக் கவலையால் மூடினார்கள், அதைவிடப் பதினெட்டு வயது மூத்த இது ராத்திரியிலும் ஓடுகிறது.

மெட்ரோவில் போகலாமே என்பீர்கள். கரைக்கு ஒரு தடம், அதனால் பில்பாவோவில் இருக்கிற சான் இனாசியோ நிலையம் வரை உள்ளே போய், ரயில் மாறி மறுபடி இவ்வளவு தூரம் வெளியே வர வேண்டும். அந்தச் சுற்றைப் பார்த்தால் பாலத்துக்குக் கோயில் கட்டலாம்.

சரி, வீட்டு விஷயம். வேண்டாம், லாஸ் அரேனாஸிலேயே பாருங்கள். இன்று காலையும் நனைந்துகொண்டு கோண்டோலாவின் முதுகைப் பார்த்து நின்றவன் வேறென்ன சொல்வேன்? பாலத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், லிஃப்டில் ஏறி மேல் நடைபாதையிலேயே ஆற்றைக் கடக்கலாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம், டிக்கெட் மட்டும் தனி.