ஃபைவ் ஸ்டாரா ஸ்னிக்கர்ஸா, மஞ்ச்சா கிட்கேட்டா: ஒரு சாக்லேட் பஞ்சாயத்து

எந்த சாக்லேட் நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. டெய்ரி மில்க்கையும் மஞ்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்க் போடுவது அநியாயம். ஒன்று நாக்கில் கரைய வேண்டியது, இன்னொன்று பல்லில் நொறுங்க வேண்டியது. அதனால் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றை இனம் பிரித்துத்தான் மோத விட்டிருக்கிறேன். கூடவே வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் கோகோ விதையிலிருக்கும் கொழுப்பான கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், சித்திரை மாதத்து வேலூரில் கடை அலமாரியே அதைவிடச் சூடாக இருக்கும்.

சுவைக்கிற முறை பெரிய வித்தை இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கடித்தால் இனிப்பு மட்டும்தான் தெரியும், கோகோ வாசனை வெளியே வராது, கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும், காபி குடித்த வாயோடு உட்காரக் கூடாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒரு வாய் தண்ணீர். அப்புறம், வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்கும் மல்லிப்பூவுக்கும் நடுவே திறந்து வைத்த சாக்லேட்டைப் போட்டிக்கே எடுக்காதீர்கள். கொழுப்பு பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

முதலில் பெரிய சண்டை. ஃபைவ் ஸ்டார் 1969-லிருந்து இங்கே இருக்கிறது, கேரமலும் நூகட்டும் (சர்க்கரைப்பாகை நுரைக்க அடித்துச் செய்யும் மெத்தென்ற இனிப்பு) சேர்ந்த மெல்லும் பார். ஸ்னிக்கர்ஸ் 1930-இல் அமெரிக்காவில் பிறந்தது, அதைத் தயாரித்த மார்ஸ் குடும்பம் வளர்த்த ஒரு குதிரையின் பெயர் அது. இரண்டுக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சாமான்தான், ஸ்னிக்கர்ஸில் கூடுதலாக வேர்க்கடலையும் உப்பும். அந்த உப்புதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. ஃபைவ் ஸ்டாரில் முதல் கடி அருமை, பாதிக்கு மேல் இனிப்பு மேல் இனிப்பாக ஏறித் தொண்டையில் கரகரக்கும். ஸ்னிக்கர்ஸில் உப்பு அவ்வப்போது வந்து இனிப்பைத் தட்டிவைப்பதால் கடைசித் துண்டு வரைக்கும் போகலாம். ஆனால் கோவில்பட்டி கடலை மிட்டாய் தின்று வளர்ந்த பல்லுக்கு அந்தக் கடலை ஏமாற்றம்தான், கேரமலுக்குள் புதைந்து கிடப்பதால் மொறுமொறுப்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. இன்னொரு விஷயம், நூகட்டை வழக்கமாக முட்டை வெள்ளைக்கரு அடித்துத்தான் செய்வார்கள். சைவக்காரர்களுக்காக முட்டையில்லாமல் பச்சைப் புள்ளியோடு ஸ்னிக்கர்ஸ் இங்கே வந்தது, அதனால் வீட்டுக்கு வாங்கும்போது உறையில் புள்ளி என்ன நிறம் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

என் தீர்ப்பு: முழு பார் என்றால் ஸ்னிக்கர்ஸ். பத்து ரூபாய்க்கு நாலு கடி என்றால் ஃபைவ் ஸ்டார், அதுவும் லேசாக இளகிய நிலையில்தான். ஜில்லென்று எடுத்தால் பல்லோடு மல்லுக்கட்டும். இதே இனத்தைச் சேர்ந்த பார் ஒன்? நூகட் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், கேரமல் கம்மி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஜெயிக்க அதற்குத் தெம்பு இல்லை.

வேஃபர் பிரிவுக்கு வருவோம். கிட்கேட் 1935-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுன்ட்ரீ கம்பெனி வேறு பெயரில் கொண்டுவந்தது, 1988-இல் அந்தக் கம்பெனியை நெஸ்லே வாங்கியது. உடைந்துபோன, கழித்துப்போட்ட கிட்கேட்டுகளை அரைத்து வேஃபர் அடுக்குகளுக்கு நடுவே பூசுகிறார்கள் என்பது பலரும் நம்பாத உண்மை. நம் ஊர் வேஃபர் பார்களின் மேல்பூச்சு பெரும்பாலும் கோகோ பட்டர் நிறைந்த சாக்லேட் இல்லை, தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட். உறையின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் அந்தக் கொழுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் புரியும். சாக்லேட் ரசிகர்கள் இதை ஏளனமாகப் பேசுவார்கள், வாயில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பஸ் ஸ்டாண்ட் கடையில் ஃபிரிட்ஜ் இல்லாமல் மதியம் வரைக்கும் உருகாமல் நிற்பது அந்தக் கொழுப்பின் தயவில்தான். மொறுமொறுப்பில் மஞ்ச்தான் முதல், பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கும். கிட்கேட் நேர்த்தியாக உடையும், பங்கு போட வசதி, சத்தமும் சுவையும் ஒரு படி கீழே. பெர்க் லேசு, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

உள்ளே எதுவும் இல்லாத வெறும் சாக்லேட்டில் டெய்ரி மில்க்கும் அமுல் டார்க்கும். டெய்ரி மில்க் 1905-இலிருந்து வருவது. பாலையும் சர்க்கரையையும் கோகோவோடு காய்ச்சி உலர்த்தித் தூளாக்கி அதிலிருந்து சாக்லேட் செய்கிற பழைய இங்கிலாந்து முறைதான் அதற்கு அந்தப் பால்கோவா வாசனையைக் கொடுத்தது. நாக்கில் வைத்து மெல்லாமல் விட்டால்தான் அது தெரியும். அமுல் டார்க்கில் கோகோ 55 சதவீதம். உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், ஓரம் கூர்மையாக நிற்கும், கசப்பு பின்னால் மெதுவாக வரும். விலைக்கு இந்தத் தரம் கொடுப்பது லேசுப்பட்ட விஷயமில்லை, இந்தப் பிரிவில் எனக்கு யோசிக்கவே தேவையில்லை, அமுல்தான். குழந்தைகளிடம் கேட்டால் தீர்ப்பு நேர்மாறாக வரும், அவர்களுக்கு அப்பீலும் கிடையாது.

மேலே வெள்ளைப் படலம் படிந்திருந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போடாதீர்கள். உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து நிற்பதுதான் அது. சாப்பிடலாம், மார்க் மட்டும் போட வேண்டாம்.

பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிற கோகோவிலிருந்து செய்யும் டார்க் பார்களும், ஆரோவில்லில் செய்யும் மேசன் அண்ட் கோ பார்களும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை விலையிலேயே வேறு வரிசை, பழப்புளிப்பும் மண்வாசனையும் உள்ள வேறு சுவை. அவற்றைத் தங்களுக்குள்ளேயே மோத விட வேண்டும், அதுவும் மார்கழியில்.