மார்த்தாண்டம் ஓஇடி எழுத்துப் பயிற்சி: ஆறு வாரம் போய்விட்டு எழுதுகிறேன்

நான் நர்ஸ். வார்டில் பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் ஓஇடி (நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவத் துறையில் உள்ளவர்கள் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதியதில் மற்ற மூன்று பகுதிகளிலும் 500-க்கு 350-க்கு மேல் வந்துவிட்டது, எழுத்தில் மட்டும் 310. இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தும் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடக்கும் இந்த சனி, ஞாயிறு வகுப்பைச் சொன்னார்.

எழுத்துப் பகுதியில் நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். முதல் நாளே என் பழைய பயிற்சிக் கடிதத்தை டீச்சர் வாங்கிப் பார்த்தார். சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்து சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். ‘ஹெவி பெயின்’, ‘ஈட் டேப்லெட்’, ‘கேவ் டிஸ்சார்ஜ்’. “மக்களே, ஒவ்வொரு வார்த்தையும் சரிதான், ஜோடிதான் சேரவில்லை” என்றார். ரத்தப்போக்குக்கு ஹெவி வரும், வலிக்கு சிவியர். மாத்திரைக்கு டேக். நோயாளி ‘வாஸ் டிஸ்சார்ஜ்ட்’. ஏன் அப்படி என்று கேட்டேன். ஆங்கிலக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழகியது அப்படி, நமக்கு மழை ‘பெய்யும்’, காற்று ‘வீசும்’ இல்லையா, அது மாதிரி என்றார்.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு மனதில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அதை டீச்சர் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். நான் ‘கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்’ என்று எழுதினேன். படிக்கிறவன் உங்கள் அப்பா தோட்டத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டார் என்று நினைப்பான், அங்கே ‘டேப்ஸ்’ வர வேண்டும் என்றார். அடுத்து ‘போடு’வை எடுத்தார். நாம் டீ போடுவோம், லைட் போடுவோம், ஊசி போடுவோம், சண்டை போடுவோம். ஆங்கிலத்தில் டீக்கு மேக், லைட்டுக்கு டர்ன் ஆன், ஊசிக்கு கிவ், சண்டைக்கு ஹேவ். இத்தனை ‘போடு’வில் ஒன்றுக்குக்கூட ‘புட்’ வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தமிழிலிருந்து மாற்றிக்கொண்டிருந்ததுதான் என் கோளாறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வீட்டுப்பாடம் தினமும் எட்டு ஜோடி. ஜோடியை மட்டும் எழுதினால் டீச்சர் திருப்பிக் கொடுத்துவிடுவார், வார்டில் அன்று பார்த்ததை வைத்து முழு வாக்கியமாக எழுத வேண்டும். ‘தி வூண்ட் இஸ் ஹீலிங் வெல்’, ‘ஷி கம்ப்ளெயின்ட் ஆஃப் சிவியர் பெயின்’, ‘ஹி டெவலப்ட் எ ஹை ஃபீவர்’. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறேன். ஞாயிறு தோறும் ஒரு கடிதம், பரீட்சையில் உள்ளபடியே வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம்.

குறைகளும் உண்டு. ஒரு பேட்சில் 22 பேர், எழுத்தைத் திருத்தும் வகுப்புக்கு அது அதிகம். திருத்திய கடிதம் கைக்கு வர ஒரு வாரம் ஆகிறது, அதற்குள் என்ன நினைத்து எழுதினோம் என்பதே மறந்துவிடுகிறது. ஜெராக்ஸ் தாள்கள் சில வாசிக்கவே முடியாமல் மங்கல். கட்டணம் 4,500 ரூபாய், இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் முறை எழுத்தில் 370 வந்தது. எழுத்து மட்டும் இடிக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். பேச்சுக்குப் பயிற்சி தேடுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள், இங்கே அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. சேருகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போய் முன் பெஞ்சைப் பிடித்துவிடுங்கள், பின்னால் உட்கார்ந்தால் போர்டு தெரியாது.