பதினோரு மான் பருவங்கள்: ஈயத்தை விட்டுச் செம்புக்கு வந்தேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மான் வேட்டைக்கு நான் நிரப்பும் தோட்டாக்களில் இனி ஈயக் குண்டு கிடையாது, செம்புதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளில் பதினோரு நவம்பர்களாக வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். முதல் நான்கு பருவங்கள் ஈயம், அடுத்த ஏழும் செம்பு. துப்பாக்கி மாறவில்லை, அதே .308 வின்செஸ்டர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது. இங்கே பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, அனுமதித்த எண்ணிக்கைக்குள் சுடலாம்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுட்டு முடித்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் கையால் நிரப்புவது. காசு மிச்சமாகும் என்று நம்பித்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். எனக்குக் கையில் எதுவும் நிற்கவில்லை, மிஞ்சியதைச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்தேன். எந்தக் குண்டு, எவ்வளவு வேகம் என்று நானே தீர்மானிக்கலாம் என்பதுதான் உண்மையான லாபம்.

ஆரம்பத்தில் அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினேன். நூறு கெஜத்தில் மூன்று துளையும் ஒரு நாணயத்துக்குள் அடங்க வேண்டும், அது ஒன்றே குறி. அதற்குத் தோதாக மெல்லிய உறை போட்ட ஈயக் குண்டு ஒன்று அமைந்தது, காகிதத்தில் அற்புதமாக விழுந்தது. அறுபது கெஜத்தில் நின்ற கிடா ஒன்றின் தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிட்டது. மான் அங்கேயே விழுந்தது உண்மைதான். ஆனால் முன்சப்பை முழுவதும் இரத்தம் கட்டிக் கூழாகி, மூன்று கிலோ கறியை எறிய வேண்டியதாயிற்று.

மீதியைக் குழம்பு வைத்தோம். சாப்பிடும்போது மகள் மிளகு என்று கடித்த ஏதோ ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சாம்பல் நிறத்தில் கடுகளவு இருந்தது. நகத்தால் கீறினேன், பளபளத்தது. ஈயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான்கறியில் ஈயத் துணுக்குகள் இருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்து, அதை யாரும் சாப்பிட வேண்டாம் என்று அரசே சொன்னது. அந்தச் செய்தி எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கறியை நன்றாக வெட்டிச் சுத்தம் செய்தால் போதும் என்று இருந்துவிட்டேன். காட்டில் நாம் விட்டு வரும் குடலுக்கு வெண்தலைக் கழுகுகள் இறங்குகின்றன, அதே ஈயம் அவற்றின் வயிற்றுக்கும் போகிறது. காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் இப்படிச் செத்ததால்தான் கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்தது.

இப்போது போடுவது பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் என்ற செம்புக் குண்டு, எடை 150 கிரெயின், அதாவது பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஈயத்தில் 165 போட்டுக்கொண்டிருந்தேன். செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீண்டு, கூட்டுக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே சரி. வேகம் இல்லாவிட்டால் மானில் பட்டதும் செம்பு விரியாது. நொடிக்கு 2000 அடிக்குக் கீழே நான் அதை நம்ப மாட்டேன், அந்த எல்லையை நெருங்கவே கூடாது என்று 200 கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை. ஏழு வருடங்களில் ஒரே ஒரு குண்டுதான் மானுக்குள் தங்கியது. கழுவிப் பார்த்தால் பூத்த கிராம்பு போல நான்கு இதழும் விரிந்திருந்தது. தராசில் 149 கிரெயின் காட்டியது.

குறையும் உண்டு. விலை அதிகம், குழலில் செம்புப் படிவம் சேர்வதால் அடிக்கடி துடைக்க வேண்டும். என்னை உறுத்துவது வேறு. நுரையீரலில் பட்ட மான் சில சமயம் எழுபது, எண்பது தப்படி ஓடிவிடுகிறது. வெளித்துளை சிறிதாக இருந்தால் இரத்தத் தடமும் மெலிந்துபோகும். பனி இருந்தால் நுரைத்த இளஞ்சிவப்புச் சொட்டுகள் வழிகாட்டும். பனி விழாத ஒரு வருடம், சருகுகளில் ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேடினேன். அதன்பிறகு தோளை ஒட்டி, சற்று முன்னால் குறி வைக்கிறேன். ஓட்டம் குறைந்திருக்கிறது.

நிரப்புவதில் நான் செய்த பெரிய பிழை, கூட்டில் குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அச்சில் அழுத்தியது. பித்தளை நீடித்து உழைக்கும் என்று அப்படிச் செய்தேன். பலமுறை சுட்டதில் கழுத்துக்குக் கீழே சரியும் கூட்டின் தோள் வளர்ந்து, ஒரு விடியலில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் மூடவே மறுத்தது. நாற்பது கெஜத்தில் நின்ற மான் என்னைப் பார்த்துவிட்டு நடந்து போயிற்று. இப்போது முழுக் கூட்டையும் அழுத்துகிறேன். வேட்டைக்கு எடுக்கும் ஒவ்வொரு தோட்டாவையும், சுடுதளத்தில் குழலை மண்மேட்டுக்கு நீட்டியபடி, ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன்.

மருந்தின் அளவை இங்கே எழுத மாட்டேன். அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். குண்டு செய்தவர்களின் கையேட்டில் தொடக்க அளவு இருக்கும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். நான் போடும் மருந்து வார்கெட் என்ற வகை. ஜூலை வெயிலில் பார்த்த வேகம் நவம்பர் உறைகுளிரிலும் பெரிதாக இறங்குவதில்லை என்பதால் அதை விடவில்லை.

இந்தப் பருவத்துக்கு இருபது தோட்டா நிரப்பியாயிற்று. பதினைந்து ஸ்கோப்பைச் சரிபார்க்க, ஐந்து காட்டுக்கு.