மாண்டோவி ஆற்றுக் கப்பலில் டீப்-ஸ்டாக் போக்கர்: 250 பிளைண்டில் தொடங்கி ஒரு ஏஸில் முடிந்தது

கோவை கணபதியில் பம்ப் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை கோவாவுக்குப் போய் போக்கர் போட்டி ஆடிவிட்டு வருவேன். வீட்டில் இதற்கு அனுமதி உண்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு. "ஒருக்கா கட்டுனீங்கன்னா அதோட சரி. தோத்துட்டு மறுக்கா கட்டறது, கிட்டறதுன்னு இருக்கக்கூடாது" என்பாள் வீட்டுக்காரி. அந்த நிபந்தனைக்குள் நின்று எழுதியதுதான் இது. நாலு தடவை பணம் கட்டி ஆடுகிறவர்களுக்கு இந்தப் போட்டி வேறு மாதிரி தெரியலாம்.

ஆடியது பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு கசினோ கப்பலில். அதன் பெயர் வேண்டாம். சீட்டு தன் பக்கம் விழாத ஆத்திரத்தில் எழுதியிருக்கிறான் என்று ஆகிவிடும்.

முன்பெல்லாம் இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை, போனிலேயே ஆடினோம். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் லட்டு படமெல்லாம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் மொத்தத்தையும் மூடிவிட்டது. இப்போது ரயிலில் மட்காவ், அங்கிருந்து கதம்பா பஸ்ஸில் பனாஜி, படித்துறையில் ஒரு சின்னப் படகு, அப்புறம்தான் கப்பல்.

ஒரே நாளில் முடியும் போட்டி. கட்டணம் 25,000 ரூபாய். அதில் 22,000 பரிசுத் தொகைக்குப் போகும், 3,000 நடத்துகிறவர்களுக்கு. கையில் 50,000 சிப் தருகிறார்கள். முதல் லெவலில் பிளைண்ட் 100/200. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய சிப்; சிறியது 100, பெரியது, அதாவது பிக் பிளைண்ட், 200. லெவல் ஏற ஏற இதுவும் ஏறும். ஆக, கையில் இருப்பது 250 பிக் பிளைண்ட். விளம்பரத்தில் 'டீப்-ஸ்டாக்' (ஸ்டாக், அதாவது கையில் இருக்கும் சிப், பிளைண்டைவிடப் பல மடங்கு) என்று பெரிதாகப் போட்டிருந்தது இதை வைத்துத்தான். லாஸ் வேகாஸ் உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 60,000 சிப், 300 பிக் பிளைண்ட் தருகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம ஊர்க் கப்பலும் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே ஒரு லெவல் இரண்டு மணி நேரம். இங்கே 40 நிமிஷம். அதுகூடப் பரவாயில்லை. அட்டவணையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேஜையில் நான் ஆடுவது சிறு பாட் ஆட்டம். பாட் என்றால் எல்லாரும் கட்டி நடுவில் சேரும் சிப். இதற்கு 'ஸ்மால் பால்' என்று ஒரு பெயர் உண்டு. அதை ஊரெல்லாம் பரப்பியவர் கனடாக்காரர் டேனியல் நெக்ரானு. விஷயம் ரொம்ப எளிது. பிக் பிளைண்டைப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று ரெய்ஸ் செய்யாமல் (பந்தயத்தை ஏற்றாமல்) இரண்டேகால் மடங்கோடு நிறுத்திக்கொள்வது. ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) வந்ததும் பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் பெட் கட்டுவது. கையில் ஒரு ஜோடி மட்டும் இருந்தால் டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) எதுவும் கட்டாமல் 'செக்' சொல்லிப் பாட்டை ஊதவிடாமல் பிடித்துவைப்பது. டீலருக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் ஏழு-ஆறு மாதிரி ஒரே பூவில் அடுத்தடுத்த சீட்டோடு மலிவாக உள்ளே போய் எட்டிப் பார்ப்பது. யாராவது மலை மாதிரி சிப்பைத் தள்ளினால் கௌரவம் பார்க்காமல் சீட்டைக் கீழே வைப்பது. சிக்ஸருக்குத் தூக்காமல் ஒன்று, இரண்டு என்று ஓடி ரன் சேர்ப்பதுதான். என் கடையும் அப்படி ஓடுவதுதான். புஷ்ஷும் பேரிங்கும் விற்கிறவன் நான், மோட்டாரே விற்கிறவன் அல்ல.

இந்த ஆட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஸ் ஜோடியோடு ராஜா ஜோடிக்கு எதிராக ஆல்-இன் போனால், அதாவது மொத்த சிப்பையும் கட்டினால், 82 சதவீதம் ஜெயம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 80 சதவீத வாய்ப்போடு ஐந்து தடவை உயிரைப் பணயம் வைத்தால் ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு 33 சதவீதம்தான். மூன்றுக்கு ஒன்று. ஆகையால் உயிரைப் பணயம் வைக்கும் தடவைகளைக் குறைத்தால் துரதிர்ஷ்டத்துக்கு நுழைய வாசலும் குறையும். இதை நம்பித்தான் ஒரே கட்டணத்தோடு போகிறேன்.

முதல் எட்டு லெவலுக்கு இந்தக் கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. டீலர்கள் கை அவ்வளவு சுத்தம். எங்கள் மேஜைக்கு வந்த பெண் ஒருத்தி சீட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சத்தமே வராது, ஒவ்வொன்றும் அவரவர் முன்னால் போய் நிற்கும். ஒரு தடவை பாட் கணக்கில் தகராறு வந்தது. மேற்பார்வையாளர் வந்து இரண்டு பக்கமும் கேட்டு, சிப்பை வரிசையாக அடுக்கவைத்து எண்ணித் தீர்ப்புச் சொன்னார். தோற்றவனே தலையாட்டினான். மீதி நேரத்தைக் காட்டும் திரை எந்த நாற்காலியிலிருந்தும் தெரிகிறது. டீ கேட்டால் ஐந்து நிமிஷத்தில் வரும், சர்க்கரைப் பாகாக வரும். ஏசி மட்டும் அநியாயம். போன தடவை நடுங்கிப்போனதால் இந்தத் தடவை மப்ளர் எடுத்துப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிப் பையன் முதலில் சிரித்தான், ஏழு மணிக்கு மேல் அதைக் கடன் கேட்டான். சென்னைப் பையன். இவன் பின்னால் வருவான்.

மறு நுழைவுக்கு எட்டாவது லெவல் வரை அனுமதி. அதனால் பாதி மேஜை பொறுமையே இல்லாமல் ஆடுகிறது. எங்கள் மேஜையில் ஒருவர் மூன்று தடவை காலியாகி மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். சிறு பாட் ஆட்டக்காரனுக்கு இது தீபாவளி. அவர்கள் ஊற்றுவதை நாம் டம்ளரில் பிடித்துக்கொண்டால் போதும். ஆல்-இன் என்ற வார்த்தையையே சொல்லாமல் எட்டாவது லெவல் முடிவில் 96,000 வைத்திருந்தேன். சராசரி 90,000 பக்கம்.

ஆனால் நோட்டில் ஒரு கையை (ஒரு தடவை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டத்தை) சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன். ஏழாவது லெவல், பிளைண்ட் 500/1,000. எனக்கு ராணி ஜோடி. 2,200 ரெய்ஸ் செய்தேன், ஒருவர் மட்டும் வந்தார். ஃப்ளாப்பில் பத்து, ஆறு, இரண்டு. 2,300 கட்டினேன், வந்தார். டர்னில் இன்னொரு ஆறு. வழக்கப்படி பாட்டைச் சிறிதாக வைக்கச் செக் சொன்னேன், அவரும் செக். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்) மூன்று. 5,000 கட்டினேன், கால் செய்தார், அதாவது அவரும் அதே தொகையைக் கட்டினார். ஜாக்கி ஜோடி காட்டினார்! 21,500 பாட் எனக்கு. சந்தோஷமாகத்தான் வாரிக்கொண்டேன். டர்னில் 7,500, ரிவரில் 17,000 என்று கட்டியிருந்தாலும் அந்த மனிதர் சீட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார். பாட் 60,000 ஆகியிருக்கும். ராத்திரி ரூமில் உட்கார்ந்து எழுதும்போது இந்த மாதிரி மூன்று கை தேறியது. மூன்றிலும் விட்டதைக் கூட்டினால் ஒரு லட்சம் சிப்புக்குக் கொஞ்சம் குறைவு.

சாப்பாடு சுமார். பஃபே. பருப்பு நன்றாக இருந்தது, மற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தால் போட்டியே வேறு. அட்டவணையின் பின்பக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். ஒன்பதாவது லெவலிலிருந்து 40 நிமிஷம் 25 நிமிஷமாகிவிடுகிறது. நடுப்படிகளையும் எடுத்துவிட்டார்கள்; 600/1,200 முடிந்து நேராக 1,000/2,000. முதல் ஐந்தரை மணி நேரத்தில் பிக் பிளைண்ட் 200-இலிருந்து 1,200 ஆனது, ஆறு மடங்கு. அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் 1,200 என்பது 16,000. பதின்மூன்று மடங்கு. ஒரு லெவலில் டீலர் சீட்டுப் போட்டுக் கலைத்து நமக்கு முழுசாக இரண்டு சுற்று வந்தாலே பெரிய விஷயம்.

33 பேர் மிச்சம் இருந்தபோது கணக்குப் போட்டேன். மறு நுழைவெல்லாம் சேர்த்து மொத்தம் 212 நுழைவு, ஒரு கோடியே ஆறு லட்சம் சிப். ஆளுக்குச் சராசரி 3,21,000. பிளைண்ட் 8,000/16,000. இருபது பிளைண்ட்! டீப்-ஸ்டாக் என்ற பேரில் உள்ளே கூப்பிட்டு, காசு கிடைக்கும் இடம் வரும்போது எல்லாரையும் இருபது பிளைண்டில் நிறுத்திவிட்டார்கள். 35,000 ரெய்ஸ் செய்து, ஒருவர் வந்து, ஃப்ளாப்பில் ஒரு சின்ன பெட் கட்டினால் ஸ்டாக்கில் ஐந்தில் ஒன்று போய்விடும். இதில் எங்கே சிறு பாட், எங்கே பொறுமை? மொத்த சிப்பையும் தள்ளு அல்லது சீட்டைப் போடு, அவ்வளவுதான் ஆட்டம். ஆட்டத்தின் குணத்தையே அதிர்ஷ்டத்தின் பக்கம் சாய்த்துவிட்டு மேலே போட்ட பலகையை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். ஆரம்ப சிப் எவ்வளவு என்று கேட்டுப் போகிறவர்கள், பத்தாவது லெவல் எத்தனை நிமிஷம் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி என் கை. இதற்குக் கப்பல் பொறுப்பல்ல.

என்னிடம் 4,10,000. முன்னால் இருந்தவர் 35,000 ரெய்ஸ் செய்தார், அவரிடம் 4,30,000 இருந்தது. எனக்கு ஒன்பது ஜோடி, டீலர் பட்டன் என் முன்னால், அதாவது ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியாக ஆடும் இடம். கால் செய்தேன். பிக் பிளைண்டில் மப்ளர் வாங்கிய சென்னைப் பையன், அவனும் வந்தான். ஃப்ளாப்பில் ஒன்பது, நாலு, இரண்டு. மூன்றும் மூன்று பூ. கையில் ஜோடி வைத்திருப்பவனுக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது விழுவது எட்டரைக்கு ஒரு தடவை. மப்ளர் இல்லாமலே வியர்த்தது. பையன் செக். முன்னவர் 45,000 கட்டினார், நான் சும்மா கால் மட்டும். பையன் சீட்டைப் போட்டுவிட்டான். டர்னில் ராஜா. முன்னவர் ஆல்-இன். அன்றைக்கு முழுக்க நான் ஆல்-இன்னுக்குக் கால் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் ஏஸ் ஜோடியைத் திருப்பினார். என் மூன்று ஒன்பதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டார், பையைக்கூட எடுத்துவிட்டார்.

மிச்சம் 44 சீட்டு, அவருக்கு உதவுவது 2 ஏஸ் மட்டும். நாலரை சதவீதம்.

டீலர் பெண் ரிவரைத் திருப்பினாள். டைமன் ஏஸ்.

மேஜையில் யாரும் பேசவில்லை. பையன் மட்டும் மெதுவாக, "அங்கிள், நான் ஃபோல்ட் பண்ணது ஏஸ்-நாலு" என்றான். ஆக, பாக்கி இருந்தது 42 சீட்டில் ஒரே ஒரு ஏஸ். இதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

துரதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. பதினைந்து வருஷமாக ஆடுகிறவன், இதற்கெல்லாம் புலம்பினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். என்னைக் குடைவது வேறு. நோட்டில் சிவப்பு மையில் இருக்கும் அந்த மூன்று கையில் விட்டதை அன்றைக்கே கறந்திருந்தால் என்னிடம் ஐந்து லட்சம் இருந்திருக்கும். அதே ஏஸ் விழுந்திருந்தாலும் அவருடைய 4,30,000 போக, நாலு பிளைண்டுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பரிசு 27 பேருக்கு. ஆறு பேர் போனால் போதும். குறைந்தபட்சப் பரிசு 45,000, அதில் 30 சதவீத டிடிஎஸ் பிடித்தாலும் 31,500 வந்திருக்கும், கட்டணமும் ரயில் டிக்கெட்டும் தேறியிருக்கும். துரதிர்ஷ்டத்துக்கு வாசலைக் குறைக்கிறேன் என்று பாட்டையெல்லாம் சுருக்கி, அது வரும் நாளில் தாங்குவதற்கு ஸ்டாக்கையும் சுருக்கிவிட்டேன். ஸ்மால் பால் ஆடுகிறவர்கள் டர்னில் செக் சொல்வதற்கு முன்னால், இது பயத்தில் வரும் செக்கா, கணக்கில் வரும் செக்கா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்வது நல்லது. நான் அன்று பார்க்கவில்லை.

கப்பலுக்கு மார்க் போடச் சொன்னால் டீலர்களுக்கும் மேற்பார்வைக்கும் பத்துக்கு ஒன்பது, அட்டவணைக்கு மூன்று. கரைக்குத் திரும்பும் படகுக்கு ஒன்று. வெளியேறியவர்கள் கீழ்த்தளத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம், உட்கார பெஞ்சுகூட இல்லை. தோற்றவனை இப்படி நிற்கவைக்கக் கூடாது.

நிற்கும்போது பின்னால் மப்ளரோடு யாரோ வந்தார்கள். பையன். 29-ஆவது இடத்தில் போயிருக்கிறான். பரிசுக்கு இரண்டு பேர் பாக்கி. ராஜா ஜோடியாம், எதிரில் ஏஸ்-ஜாக்கியாம், ஃப்ளாப்பிலேயே ஏஸாம். கரை இறங்கியதும் தெருவோர வண்டியில் ரோஸ் ஆம்லெட் சாப்பிட்டோம், ஆம்லெட் மேல் சூடாகக் கோழிக் குழம்பை ஊற்றி, கூட பாவ் வைத்துத் தருகிறார்கள். காசை அவன்தான் கொடுத்தான். நான் தடுக்கவில்லை.